பத்து மீற்றர் பரவாயில்லையா?

சிறு பெட்டியொன்றை எங்காவது ஒளித்து வைத்து, அதன் ஆள்கூறை மட்டும் வெளியிட்டு, முன்பின் தெரியாதவர்களைத் தேடிவர விடும் விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். தேடிக் கண்டவர் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். இதை விளையாடுகிறவர்களிடம் ஓர் எண்ணம் ஆழமாக வேரோடியிருக்கிறது. ஒளித்த இடத்தில் நின்று போனை எடு, திரையில் தெரிகிற எண்ணைக் குறித்துக்கொள், வேலை முடிந்தது. சற்றுப் பொறுப்பானவர்கள், சில நிமிடம் அசையாமல் நின்று சராசரி எடு என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஐந்து பத்து மீற்றர் முன்னே பின்னே போனால் என்ன, தேடுவதுதானே விளையாட்டு என்பது அவர்களுடைய நியாயம். எல்ல, அப்புத்தளைப் பக்கம் முதுகுப்பையோடு வருகிற வெளிநாட்டுப் பயணிகளும், விடுமுறைக்கு வீடு வருகிற நம் கொழும்புப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். சமவெளிக்கு இது ஓரளவு பொருந்தலாம். பதுளைக்கும் ஊவாவின் தோட்டங்களுக்கும் இது கொஞ்சமும் பொருந்தாது. இங்கே இது தவறு மட்டுமல்ல, பிறருக்குக் கேடு விளைவிக்கிற தவறு.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 2000 மே மாதத் தொடக்கம் வரைக்கும் ஜி.பி.எஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குழப்பித்தான் கொடுத்து வந்தது. நூறு மீற்றர் அளவுக்குப் பிழை வரும். மே 2ஆம் திகதி அந்தக் குழப்பலை நிறுத்தினார்கள். மறுநாள், மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியைப் புதைத்து வைத்து அதன் ஆள்கூறை உலகத்துக்கு அறிவித்தார். துல்லியம் கிடைத்த மறுநாளே, அந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே பிறந்த விளையாட்டு இது. அதை விளையாடிக்கொண்டே துல்லியம் பெரிதல்ல என்று சொல்வது எந்த வகையில் சேர்த்தி?

போன் காட்டுகிற எண்ணை மக்கள் நம்புவதற்குக் காரணம், அந்த எண்ணின் நீளம். தசமத்துக்குப் பின்னால் ஆறு இலக்கம் வருகிறது. பாகையின் ஆறாவது தசம இலக்கம் தரையில் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். உள்ளங்கை அகலத்துக்குக் கணக்குச் சொல்கிற கருவி எப்படிப் பத்து மீற்றர் பிசகும் என்று மனம் சமாதானம் அடைந்துவிடுகிறது. ஆனால் இலக்கத்தை எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதற்கு அளவையின் தரம் தேவையில்லை. மறைப்பே இல்லாத திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடம் சொல்லும் என்று ஜி.பி.எஸ்ஸை நடத்துகிற அமெரிக்க அரசே சொல்கிறது. அதுவும் நல்ல நிலைமையில். திரையில் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் காட்டி, '3 மீற்றர்' என்று போன் சொல்கிறதே, அதையும் தவறாகவே படிக்கிறார்கள். அன்ட்ரொயிட் போனில் அந்த வட்டத்தின் பொருள், நீங்கள் அதற்குள் இருக்க 68 வீத வாய்ப்பு என்பதுதான். போனின் கணிப்பு சரியாகவே இருந்தாலும் மூன்றில் ஒரு தடவை நீங்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். கணிப்பே தவறிப்போகிற இடங்கள் நம் மலைகளில் ஏராளம்.

துன்ஹிந்தவுக்குப் போகிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பதுளு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற இடம் அது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், தலைக்கு மேல் மரக்கூரை. ஜி.பி.எஸ் செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. வானத்தின் எல்லாத் திசையிலும் அவை பரந்து தெரிந்தால்தான் கணக்கு நிலைக்கும். பள்ளத்தாக்குக்குள் நிற்கிறவருக்கு இரண்டு பக்கத்து வானத்தையும் மலை மறைத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது ஆற்றின் போக்கிலே நீளுகிற ஒரு பட்டை வானம் மட்டும். அந்தப் பட்டையில் உள்ள செய்மதிகளால் ஆற்றின் நீளவாக்கில் இடத்தை ஓரளவு சரியாகச் சொல்லமுடியும். குறுக்குவாக்கில் பிழை விரியும். அதாவது பிழை உங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறதென்றால், அக்கரையில். இந்தக் கரையில் ஒளித்த பெட்டியின் ஆள்கூறு அந்தக் கரைக்கு விழுந்தால், தேடி வருகிறவர் ஓயாவைக் கடக்கப் பார்ப்பார். மழை பெய்த மறுநாள் அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

இதற்குத்தான் சராசரி எடுக்கிறோம் என்பார்கள். இந்த மறுமொழிதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுகிறது, ஏனென்றால் அதில் அரைவாசி உண்மை. ஒவ்வொரு விநாடியும் இங்கும் அங்குமாகத் தடுமாறுகிற சிறு பிழையைச் சராசரி குறைக்கும். ஆனால் மலையில் வருகிற பெரிய பிழை தடுமாறுகிற வகையல்ல, ஒரே பக்கம் இழுக்கிற வகை. செய்மதியின் சமிக்ஞை நேராக வராமல் பின்னால் இருக்கிற பாறையில் பட்டுத் தெறித்து வந்தால், அது கடந்த தூரம் கூடுகிறது. பாறை 15 மீற்றர் தள்ளி இருந்தால் 30 மீற்றர் வரைக்கும் கூடலாம். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், பாறையும் நகரப்போவதில்லை, செய்மதியோ வானத்தில் மெதுவாகத்தான் ஊர்கிறது. பத்து நிமிடம் நின்றாலும் அதே தெறிப்பு, அதே இழுப்பு. அறுநூறு தடவை அளந்து சராசரி எடுத்தால் கிடைப்பது அதே பிழைதான், கூடுதல் நம்பிக்கையோடு. நாளைக்கு வந்து இன்னொரு தடவை எடுக்கிறேன் என்கிறவர்களும் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். ஜி.பி.எஸ் செய்மதிகளின் வரிசை ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு தடவை வானத்தில் அப்படியே திரும்பி வருகிறது. இன்று காலை பத்து மணிக்கு எடுத்தவர் நாளையும் காலை பத்து மணிக்குப் போனால், அந்தச் செய்மதிகள் அதே இடத்தில் நின்று அதே பொய்யைச் சொல்லும். வேறு வேளையில் போகவேண்டும்.

எந்த வேளை என்பதிலும் நம் தீவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு வெகு அருகாகப் போகிறது. இந்தியா தன் முதல் ரொக்கட் ஏவுதளத்துக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததே அந்தக் கோட்டின் மேல் அது இருந்ததால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய நாடுகளில் மேல் வளிமண்டலத்து மின்னூட்டப் படலம் வெயில் ஏற ஏறத் தடிக்கிறது. பிற்பகலில் அது சமிக்ஞையை மற்ற நேரங்களைவிட அதிகமாகத் தாமதிக்கச் செய்கிறது. பொழுது சாய்ந்த பிறகு சில மாதங்களில், குறிப்பாக மார்ச், செப்ரெம்பரை ஒட்டி, அந்தப் படலத்தில் கொந்தளிப்பும் வரும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, அங்கே இதன் தாக்கம் வேறு. அந்த வழிகாட்டியை அப்படியே பண்டாரவளைக்குக் கொண்டுவந்து மாலை நாலு மணிக்கு எண் குறிப்பவர், நாளின் மோசமான வேளையைத் தேர்ந்து அளக்கிறார். பனி மூட்டத்தால் ஜி.பி.எஸ் கெடும் என்று ஊரில் சொல்வதில் உண்மையில்லை. பனியையும் முகிலையும் சமிக்ஞை ஊடுருவி வந்துவிடும். நனைந்த இலைக்கூட்டம்தான் அதைப் பலவீனமாக்கும்.

புதிய போன் இதையெல்லாம் சமாளித்துவிடும் என்பது அடுத்த வாதம். 2018இல் ஷாவ்மி மி 8 வந்ததிலிருந்து, இரண்டு அலைவரிசையில் கேட்கிற போன்கள் கைக்குக் கிடைக்கின்றன. அவை மின்னூட்டப் படலத்தின் தாமதத்தைப் பெரும்பாலும் கழித்துவிடும். தெறித்த சமிக்ஞையையும் ஓரளவு பிரித்தறியும். இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் நமுனுகுல மலைக்குப் பின்னால் மறைந்திருக்கிற செய்மதியை எந்தப் போனாலும் முன்னால் கொண்டுவர முடியாது. இன்னொன்று, தோட்டத்துப் பள்ளங்களில் சிக்னலே இல்லாத இடங்கள் நிறைய. அங்கே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தவுடன் தெரிகிற புள்ளி, பல நேரம் கடைசியாகச் சிக்னல் இருந்த இடத்தின் பழைய புள்ளி. இணையத்தின் உதவியில்லாத போன் செய்மதியிடமிருந்தே தகவலை வாங்கிப் புதிதாகக் கணக்குப் போட, வானம் நன்றாகத் தெரிந்தாலே அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அவசரக்காரர் அதற்குள் எண்ணை எழுதி முடித்திருப்பார்.

தேடுகிறவருடைய போனிலும் பிழை இருக்கும்போது ஒளிக்கிறவர் மட்டும் ஏன் இத்தனை பாடுபடவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். தேடுகிறவரின் பிழை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். ஒருவர் இடப்பக்கம் போவார், இன்னொருவர் வலப்பக்கம் போவார். ஒளித்தவரின் பிழையோ வருகிற எல்லோரையும் ஒரே தவறான இடத்துக்கு, வருடக்கணக்கில், திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். இருவருக்கும் 5 மீற்றர் பிழை என்றால் மொத்தத்தில் 7 மீற்றர் அளவில் நிற்கும். ஒளித்தவர் 15 மீற்றர் பிசகியிருந்தால், தேடுகிறவர் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் ஏறத்தாழ 16 மீற்றர். இதில் தேடுகிறவரின் கவனத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

இப்போது அந்தப் 'பத்து மீற்றர்தானே' தேயிலை மலையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நான்கு அடிக்கு இரண்டு அடி இடைவெளியில் கன்று வைத்த மலையில், பத்து மீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் நானூறுக்கும் மேற்பட்ட தேயிலைச் செடிகள் அதற்குள் வரும். செடியொன்றின் தூரில் ஒளித்த சின்னப் பெட்டிக்காக நானூறு தூரையும் ஒருவர் விலக்கிப் பார்க்கவேண்டும். முப்பத்தைந்து பாகைச் சரிவில் பத்து மீற்றர் தள்ளினால் ஏழு மீற்றர் ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவிலே கான் வெட்டியிருக்கும், கல்லணை கட்டியிருக்கும். மிதித்தால் இரண்டும் சரியும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு இளைஞர்கள், ஒருவர் கையில் போன், மற்றவர் கையில் தடி. செடிகளுக்கிடையே குனிந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக ஏறினார்கள். கொழுந்துக் கூடையோடு கீழே நின்ற அம்மா ஒருவர், "தம்பி, என்னாப்பா தொலைச்சீங்க?" என்று கேட்டார். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "தடியால தட்டாதீங்க தம்பி, அந்தப் பக்கம் குளவி இருக்கு. நாளைக்கு அந்த மலைதான் எங்களுக்கு" என்றார். தோட்டத்தில் குளவி கொட்டுவது செய்தித்தாளின் மூலையில் வருகிற சின்னச் செய்தியாகிவிட்டது. கொட்டு வாங்குகிறவர்கள் கொழுந்தெடுக்கிற பெண்கள். கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள், உயிரும் போயிருக்கிறது. தவறான ஆள்கூறு ஒரு மனிதரைத் தவறான செடிக்குள் கைவிட வைக்கிறது, கூடு கலைகிறது. அவர் படம் எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவார். மறுநாள் காலை பெரட்டுக்குப் பிறகு அந்த மலைக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு அப்படிப் போய்விட வழியில்லை. தேடுவதுதானே விளையாட்டு என்கிறவர்கள் அந்த அம்மாவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

உயரத்தைப் பற்றி இந்த வழிகாட்டிகள் பேசுவதேயில்லை, நம் ஊரில் அது பெரிய ஓட்டை. தெமோதரையில் ரயில் பாதை ஒரு வளையம் சுற்றி, 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் புகுந்து, தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழாகவே போகிறது. மேலே மேடையில் நிற்கிறவருக்கும் கீழே பாதையில் இருப்பதற்கும் அகலக்கோடும் நெடுங்கோடும் ஒன்றுதான். அந்த ஆள்கூறை மட்டும் கொடுத்தால், தேடுகிறவர் மேலே தேடுவதா, சுரங்க வாயிலில் இறங்குவதா? ரயில் ஓடுகிற பாதையில் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. சரி, உயரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றால் அங்கேயும் பள்ளம். செய்மதி கணக்கிடுகிற உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து எடுக்கப்படுகிறது, கடல் மட்டத்திலிருந்தல்ல. உலகத்திலேயே கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்கு மிகக் கீழே கிடக்கிற பகுதி நம் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அங்கே வித்தியாசம் 106 மீற்றர். பதுளையிலும் நூறு மீற்றரை நெருங்கும். கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவில் இருக்கிற பதுளை நகரத்தில் நின்று திருத்தாத உயரத்தைக் காட்டுகிற செயலியைத் திறந்தால், 580ஐ ஒட்டிய எண் தெரியும். கருவி பழுதில்லை. எதிலிருந்து அளந்தது என்று கேட்காததுதான் பழுது.

இதே கேள்வியைக் கேட்காமல் பழைய வரைபடத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். போனை நம்பாதே, நில அளவைத் திணைக்களத்தின் ஒரு அங்குலப் படத்திலிருந்து எடு என்பார்கள். 1800இல் தொடங்கிய திணைக்களம், அந்தப் படங்களின் கைவேலை மேல் எனக்குப் பெரும் மதிப்பு. ஆனால் அவை நீர்கொழும்புக்கு அருகே கந்தவலையைத் தொடக்கமாகக் கொண்டு, 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பூமி வடிவத்தின் மேல் வரையப்பட்டவை. அவற்றின் கட்டக்கோடுகள் பீதுருதாலகாலை உச்சியிலிருந்து எண்ணப்படுகின்றன. போன் பயன்படுத்துவது 1984இன் உலகப் பொது முறை. படத்தின் ஓரத்தில் அச்சிட்ட அகலக்கோடு நெடுங்கோட்டை மாற்றாமல் போனில் இட்டால் 200 மீற்றருக்கு மேல் மேற்கே தள்ளிப்போய் நிற்பீர்கள். நம் மலையில் அது அடுத்த தோட்டமாகக்கூட இருக்கலாம். செய்மதிப் படத்தில் விரல் வைத்து எண் எடுப்பதும் நம்பத்தக்கதல்ல. சாய்ந்து எடுத்த படத்தைச் சரிவான நிலத்தின் மேல் விரிக்கும்போது, பாறையும் மரமும் பல மீற்றர் தள்ளியே விழும்.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்கா என்று கேட்கலாம். விளையாட்டில் படிகிற பழக்கம் விளையாட்டோடு நிற்பதில்லை. அதுவும் தோட்டப்புறத்தில். லயத்துக்குத் தெருப்பெயர் கிடையாது, காம்பராவுக்குத் தபால்காரர் அறிந்த இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி, கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிடக்கும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிற 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தால், எங்கே வரவேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. போனில் இருந்து அனுப்புகிற புள்ளி, பள்ளத்தின் மறுபக்கத்தில் விழுந்தால் வண்டி வேறு பாதையில் ஏறிவிடும். மலையில் பத்து மீற்றர் தள்ளிப்போன புள்ளிக்கும் வண்டிக்கும் நடுவே சில கிலோமீற்றர் சுற்றுப்பாதை இருப்பது சாதாரணம்.

காணி விடயத்திலும் இதே. தோட்டக் குடும்பங்களுக்குத் தனிவீடு கட்ட ஒதுக்கிய நிலம் 7 பேர்ச். அது 177 சதுர மீற்றர், சதுரமாக வெட்டினால் பக்கத்துக்குப் பதின்மூன்று மீற்றர் சொச்சம். போன் காட்டுகிற புள்ளியை வைத்து இது உன் காணி, அது என் காணி என்று பேசத் தொடங்கினால், பத்து மீற்றர் பிழையில் முக்கால்வாசிக் காணி கைமாறிவிடும். மண்சரிவு அபாய வலயங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 10,000க்கு ஒன்று என்ற அளவில் வரைகிறது. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் கோடு தரையில் பத்து மீற்றர். கோட்டுக்கு உள்ளே இருக்கிற லயமா, வெளியே இருக்கிற லயமா என்பதைப் போன் புள்ளியால் தீர்க்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. எந்த வீடு எங்கே இருந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று திருத்தமாகப் பதிந்து வைக்கப்படாத மக்களுக்கு நேர்ந்தது அது. அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, இடம் குறிப்பதில் ஏறத்தாழ போதும் என்று சொல்லப் பழகுவதை என்னால் ஏற்க முடியாது.

சரியாகச் செய்வது கடினமும் அல்ல. புதிய கருவி எதுவும் வாங்கவேண்டாம். போனை உடம்போடு ஒட்டிப் பிடிக்காமல், வானத்தைப் பார்க்க ஒரு கல்லின் மேல் கிடத்தி, புள்ளி அமைதியடையும் வரை காத்திருந்து எண்ணை எடுங்கள். பிறகு நூறு மீற்றர் விலகிப் போய், தேடுகிறவரைப் போல வேறு திசையிலிருந்து அந்த எண்ணை நோக்கி நடந்து வாருங்கள். எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். இன்னொரு நாள், வேறு வேளையில், கூடுமானால் காலையில், திரும்ப எடுங்கள். மூன்றாவது தடவையும் எடுத்து, கூட்டத்தோடு சேராத எண்ணைத் தள்ளிவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி காணுங்கள். சராசரிக்குப் பொருள் வருவது அப்போதுதான். ஆள்கூறை வெளியிடும்போது நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதினால் போதும். எந்தத் திசையிலும் அது இரண்டு மீற்றருக்கும் குறைவு. அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பது வீண். வானம் தெரியாத இடமென்றால், தெரிகிற இடத்தில் புள்ளி எடுத்து, அங்கிருந்து திசைகாட்டியாலும் அளவுநாடாவாலும் பெட்டி வரை அளந்து சொல்லுங்கள்.

கூடவே சொல்லிலும் இடத்தை எழுதுங்கள், அந்த மலையில் வேலை செய்கிறவர்கள் சொல்கிற மாதிரி. 'பணிய லயத்துக்கு மேலே, பீலி தாண்டி, குறுக்குப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்து மதகு, இடப்பக்கச் சுவர்' என்று எழுதினால் போன் எவ்வளவு பிசகினாலும் ஆள் வந்து சேர்வார், ஒரு செடியும் கலையாது. இப்படி எழுதவேண்டுமென்றால் அங்கே இருப்பவர்களிடம் பேசவேண்டும், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவேண்டும். நில உரிமையாளரின் அனுமதி இந்த விளையாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று வேளை எடுத்த எண்களும் ஒன்றுக்கொன்று பதினைந்து மீற்றருக்கு மேல் விலகி நின்றால், கணக்கோடு மல்லுக்கட்டாமல் பெட்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கொழுந்து மலையை விட்டு, ஆற்றோரத்தை விட்டு, ரயில் பாதையை விட்டு, வானம் திறந்த ரோட்டோரத்தில் வேறிடம் பார்த்து வையுங்கள்.